ஒரு 'ஈ' குறைந்த குற்றச்சாட்டு

விழப்போகிற உத்தரத்தைப் பார்த்து "விழும்" என்று சொல்வது குற்றமா?

உடனே தலையை ஆட்டிவிடாதீர்கள். அந்த உத்தரத்துக்கு நேர் கீழே உங்கள் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். இரண்டு பேரில் ஒருவரைத் தண்டிக்க வேண்டும். விழும் என்று சொன்னவள் ஒருத்தி. அதைக் கேட்டுவிட்டு அந்த இடத்தில் டிஸ்டெம்பர் அடித்தவர் ஒருவர். யாரைத் தண்டிப்பீர்கள்?

ஹெப்சிபா வேலை பார்க்கும் பள்ளியின் நிர்வாகம் அதிகம் யோசிக்கவில்லை. அவளுக்கு மெமோ கொடுத்துவிட்டது.

அந்த மெமோவை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நவம்பர் பதிமூன்றாம் தேதி வியாழக்கிழமை மத்தியானம், சீவலப்பேரி போகும் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். பாளையங்கோட்டையிலிருந்து அரைமணி நேரப் பயணம். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். இரண்டு நாளாக மழை விடவில்லை. கனமழை எச்சரிக்கை என்று கலெக்டர் காலையிலேயே மாவட்டம் முழுக்கப் பள்ளிகளுக்கு லீவு விட்டிருந்தார். ஆனால் மூன்று மணி விசாரணைக்கு லீவு இல்லை என்று எழுத்தர் பெர்லின் போன் பண்ணிச் சொல்லியிருந்தான்.

கேட்டருகில் கோமு குடையோடு நின்றாள். பள்ளியைப் பெருக்கிச் சுத்தம் செய்கிறவள்.

"எக்கா, விசாரணை ஆபீஸ்ல இல்லையாம். பெரிய ஹால்ல வச்சிருக்காங்க."

ஹெப்சிபாவுக்குக் கால் நின்றுவிட்டது. "ஹால்லயா? யாரு சொன்னா?"

"கரஸ்பாண்டன்ட் சார்தான். பயம் இல்லைன்னு காட்டணுமாம். மேசை எங்கன போட்டிருக்குன்னு போய்ப் பாருங்க. சரியா ஒங்க விரிசலுக்குக் கீழ."

"என் விரிசலா?"

"பின்ன? ஊரே அப்படித்தானே சொல்லுது. ஒங்க வாயில இருந்துதானே அது சுவத்துக்குப் போச்சு." கோமு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எக்கா, கேக்கதைக் கேளுங்க. மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருங்க. ஒங்க மக படிப்பை நினைச்சுப் பாருங்க."

ஹெப்சிபாவுக்கு நாற்பத்தேழு வயது. ஆறு வருஷத்துக்கு முன் கணவர் இறந்துவிட்டார். மகள் நாகர்கோவிலில் நர்சிங் இரண்டாம் வருஷம். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பெண்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. பியூரெட் கழுவுவது, அமிலத்தை நீர்க்கச் செய்வது, பரீட்சை நாளில் உப்புகளைப் பொட்டலம் கட்டுவது. தேதி எழுதாத பாட்டிலை ரேக்கில் ஏற்ற மாட்டாள். "அந்த அம்மா சோற்றுப் பானைக்கும் லேபிள் ஒட்டும்" என்று டீச்சர்கள் கேலி செய்வார்கள். அது உண்மையும்கூட.

இந்தப் பார்க்கிற பழக்கம்தான் அவளுக்கு வினையாயிற்று. ஒரு தடவை, சைக்கிள் ஷெட்டுக்கு மேல் சாய்ந்திருந்த வேப்பங்கிளையில் எறும்பு சாரை சாரையாக உள்ளே போய் வருவதைப் பார்த்து, "இது உள்ள பொக்கு. காத்தடிச்சா ஒடியும்" என்றாள். ஆடி மாதம் ஒடிந்தது. இன்னொரு தடவை, ஹாஸ்டல் கிரைண்டர் வயரில் டேப் கருகியிருப்பதைப் பார்த்து, "யாரையாவது இழுத்துப் போடும்" என்றாள். சமையல்கார அம்மாளை இழுத்துப் போட்டது. நல்ல வேளை, உயிர் தப்பினாள். எறும்பை யாரும் பார்க்கவில்லை. கருகின டேப்பையும் பார்க்கவில்லை. ஹெப்சிபாவின் வாயைத்தான் பார்த்தார்கள். கருநாக்கு என்று பெயர் வந்தது. கல்யாண வீட்டில் அவள் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கும். பிள்ளை பெற்ற வீட்டில் அவள் குழந்தையைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடக் கூடாதே என்று, அவள் வாய் திறப்பதற்குள் காபியைக் கையில் திணிப்பார்கள். ஞாயிறுதோறும் ஆலயத்தில் முதல் வரிசையில் உட்காருகிறவர்கள்தான் இதைச் செய்தார்கள்.

சரி, விரிசலுக்கு வருவோம்.

பெரிய ஹால் வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்துக் கட்டடம். தேக்கு உத்தரங்கள் மேல் செங்கல் பரப்பிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை. மூன்றாவது உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்திலிருந்து, ஜன்னல் வளைவு வரைக்கும் விரிசல். ஜூன் மாதம் அவள் தலைமையாசிரியை கரோலினிடம் காட்டினாள். கரோலின் பள்ளித் தாளாளர் ஜெபஸ்டினிடம் சொன்னார். ஜெபஸ்டின் ஆளனுப்பி மஞ்சள் டிஸ்டெம்பர் அடிக்க வைத்தார். ஜூலை கடைசியில் மஞ்சளுக்கு மேலேயே விரிசல் வந்தது.

பழைய விரிசலாக இருந்தால் பெயிண்டுக்கு அடியில் தூங்கும். பெயிண்டையே கிழித்துக்கொண்டு வந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள ஞானதிருஷ்டி வேண்டியதில்லை, கண் போதும்.

ஆற்றுப் பாலம் ஒன்றைப் பழுதுபார்த்தபோது, பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஓவர்சியரிடம் கேட்டாள். "இதுக்கு டெல்-டேல்னு பேரும்மா. கோள்சொல்லி. கல்லு ஒரு நூல் அளவு நகந்தாலும் கண்ணாடி உடைஞ்சு காட்டிக் கொடுத்திரும்" என்றார் அவர். ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடி ஸ்லைடு இருந்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இருந்தது. ஆகஸ்டு நாலாம் தேதி, கோமு ஏணியைப் பிடித்துக்கொள்ள, விரிசலுக்குக் குறுக்கே முதல் ஸ்லைடை ஒட்டினாள். பக்கத்தில் பென்சிலால் தேதி.

ஐம்பத்தொரு நாளில் அது உடைந்தது. காலாண்டு லீவு முடிந்து ஒட்டிய இரண்டாவது ஸ்லைடு இருபத்துநாலு நாள் தாங்கியது. நவம்பர் மூன்றாம் தேதி மூன்றாவதை ஒட்டினாள். பாதிக்குப் பாதி குறைகிறது; இது பன்னிரண்டு நாள் தாங்கினால் பெரிய காரியம் என்று அவளுக்குப் பட்டது. அதற்குள் மூன்று கடிதம் எழுதியிருந்தாள். பதில் இல்லை. கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"மழைக்குள்ள அந்த உத்தரம் இறங்கும். பரிசளிப்பு விழாவுக்குப் பிள்ளைகளை அங்கன உக்கார வைக்காதீங்க."

நவம்பர் பதினாலு, குழந்தைகள் தினத்தன்று விழா. முந்நூறு பிள்ளைகள். கூட்டம் முடியும் முன் முப்பது தாய்மார், எங்கள் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்றார்கள். மறுநாள், பள்ளியை நடத்தும் கிறிஸ்தவச் சங்கத்தின் பெயரில் மெமோ வந்தது. "சங்கத்தின் பத்தொன்பதாம் விதிக்கு மாறாக, நடக்கப்போவதை முன்னறிந்து கூறியதன் மூலம் பீதியை உண்டாக்கிய தங்களை ஏன் பணிநீக்கம் செய்யக்கூடாது?"

இப்போது பதிமூன்றாம் தேதி. விழா நாளைக்கு.

ஹாலுக்குள் முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை கட்டி நின்றன. மேடையில் பாதி கட்டிய தோரணம். கோமு சொன்னது சரிதான். மூன்றாவது உத்தரத்துக்குக் கீழேதான் மேசை. தாளாளர் ஜெபஸ்டின், தலைமையாசிரியை கரோலின், அவர்களுக்குப் பக்கத்தில் அப்பாத்துரை சார். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆனவர். சங்கத்தின் மூத்த உறுப்பினர். அவர் முன்னால் செய்தித்தாளில் பொதிந்த பழைய புத்தகம் ஒன்று. மேசை ஓரத்தில் மினிட்ஸ் எழுத பெர்லின்.

"உக்காருங்கக்கா" என்றார் ஜெபஸ்டின். வயதில் ஐந்து வருஷம் இளையவர். காரியம் ஆக வேண்டுமென்றால் அக்கா என்பார்.

"வேற ரூம்ல வச்சுக்கிடலாமே சார்."

"ஏன், இந்த ரூமுக்கு என்ன?"

ஹெப்சிபா உட்கார்ந்தாள். தலையைத் தூக்கினாள். விரிசலின் மேல் முனையில் ஸ்லைடு மினுங்கியது. முழுசாக இருக்கிறதா, உடைந்துவிட்டதா என்று கீழேயிருந்து தெரியவில்லை. மழை ஓட்டமாக வந்து ஜன்னலில் அறைந்தது.

"சுருக்கமா முடிச்சிருவோம்" என்ற ஜெபஸ்டின் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். டைப் செய்திருந்தது. 'நான் பெற்றோர் கூட்டத்தில் கூறியது ஆதாரமற்றது. ஹால் பாதுகாப்பானது. ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறேன்.' கீழே அவள் பெயர். கையெழுத்துக்கு இடம். "இதுல ஒரு கையெழுத்து. நாளைக்கு விழா தொடக்கத்துல டீச்சர் வாசிப்பாங்க. மெமோவைக் கிழிச்சுப் போட்டிருவேன். ஒங்களுக்கும் சந்தோசம், எங்களுக்கும் சந்தோசம்."

பேனா மூடியைத் திறந்து அவரே நீட்டினார்.

ஹெப்சிபா பேனாவை வாங்கினாள். மகள் முகம் வந்தது. அதற்குப் பின்னால் ஆறாம் வகுப்பு வரிசை வந்தது. விழாவில் சின்னப் பிள்ளைகளை எப்போதும் முன்னால் உட்கார வைப்பார்கள். முன் வரிசை, இந்த மேசை போட்டிருக்கிற இடம். இந்தக் கையெழுத்தை நம்பி அந்த முப்பது தாய்மாரும் பிள்ளைகளுக்கு ரிப்பன் கட்டி அனுப்புவார்கள்.

மேலேயிருந்து சிட்டிகைச் சுண்ணாம்பு பெர்லினின் மினிட்ஸ் நோட்டில் விழுந்தது. பெர்லின் அதை ஊதித் தள்ளினான்.

"கையெழுத்துக்கு முன்ன ஒண்ணு கேக்கணும் சார்" என்றாள். "பத்தொன்பதாம் விதின்னு போட்டிருக்கீங்க. அது என்ன விதி? வாசிச்சுக் காட்டுங்க."

"அதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு."

"மெமோவுல தமிழ்ல இருக்கே. யாரு தமிழாக்கினது?"

பெர்லின் தலையைக் குனிந்தான். "நான்தான்க்கா. 'ஃபோர்ஸ்பீக்'னு இருந்துச்சு. போன்ல தட்டிப் பாத்தேன். முன்னறிந்து கூறுதல்னு வந்துச்சு."

அப்பாத்துரை சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். செய்தித்தாளைப் பிரித்தார். ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் அச்சான சங்க விதிப் புத்தகம். பக்கத்தைத் திருப்பினால் ஓரம் உதிரும். பைய விரலால் தேடி, பத்தொன்பதுக்கு வந்து, மூக்கு தாளில் முட்டும் அளவு குனிந்தார்.

"லே பெர்லின், நீ டைப் அடிச்சதை எடு."

பெர்லின் நீட்டிய ஆபீஸ் நகலில் தமிழுக்கு மேலே விதியின் இங்கிலீஷ் வரியும் இருந்தது. அதையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இங்கன ஒரு ஈ இருக்கு. புத்தகத்துல ஈ இல்லையே வே."

வாசல் பக்கம் துடைப்பத்தோடு நின்ற கோமு, "ஈயா சார்? காலைலதான் துடைச்சேன்" என்றாள்.

"எழுத்தைச் சொல்லுதேன்ட்டி. இங்கிலீஷ் ஈ." சிரிக்கவில்லை அவர். "லே, 'ஃபோர்ஸ்பீக்' நடுவுல இந்த ஈயை நீயா சேத்தே?"

"கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டுச்சு சார். அச்சுப்பிழைன்னு நினைச்சு நடுவுல ஈ சேத்தேன். அப்பவும் கோடு போகலை. விட்டுட்டேன்."

"விட்டுட்டியா! காதுக்கு ரெண்டும் ஒரே சத்தம். கண்ணுக்குத்தான் வேற." கிழவருக்குள்ளிருந்து வாத்தியார் எழுந்து வந்துவிட்டார். "ரெண்டுமே செத்துப்போன வார்த்தை. இப்ப இங்கிலீஷ்காரனுக்கே தெரியாது. ஈயோட எழுதினா, வரப்போறதை முந்திச் சொல்லுதது. அதுல குத்தம் ஒண்ணும் இல்லை. ஈ இல்லாம எழுதினா வேற வார்த்தை. சொல்லால கெடுக்குதது. ஒருத்தன் மாட்டைப் பாத்து 'அடேயப்பா, என்ன பால்!'னு சொல்லிட்டுப் போவான். மறுநாள் மடி வத்திட்டுன்னா, அவன் வாய்தான் காரணம்பாங்க. ஸ்காட்லாந்துப் பக்கம் கிராமத்துல பேசின வார்த்தை. இந்த விதியை எழுதின துரை அந்தப் பக்கத்து ஆளா இருக்கணும். நம்ம ஊர்ல இதுக்கு என்ன பேரு?"

எல்லோருக்கும் பதில் தெரியும்.

"கருநாக்கு" என்றாள் ஹெப்சிபா.

அவள் பேனாவை மேசையில் வைத்தாள்.

"எனக்கு இப்ப தெரியணும் சார். எந்த அர்த்தத்துல என்னைக் குத்தம் சொல்லுதீங்க? முந்திச் சொன்னது குத்தம்னா, மழை வரும்னு முந்திச் சொல்லித்தானே இன்னைக்கு லீவு விட்டிருக்காங்க. அவங்களுக்கும் மெமோ கொடுப்பீங்களா? இல்லை, நான் சொன்னதாலதான் சுவர் விரிஞ்சுதுங்கீங்களா? அப்படின்னா அதை மினிட்ஸ்ல எழுதச் சொல்லுங்க. ஹெப்சிபா நாக்கு பட்டு உத்தரம் இறங்குதுன்னு. பெர்லின், எழுது."

பெர்லின் பேனாவைத் தூக்கினான், ஜெபஸ்டினைப் பார்த்தான், கீழே வைத்தான்.

"நாம கிறிஸ்தவங்க. அதையெல்லாம் நாங்க நம்பலை" என்றார் கரோலின். அதுவரை பேசாதிருந்தவர். குரலில் உறுதி இல்லை.

"நம்பலைன்னா எதுக்கு டீச்சர் இந்த விதி?"

"அதைத்தான் நானும் பாக்குதேன்" என்றார் அப்பாத்துரை சார். விரல் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. "மெமோவுல போட்ட விதி அரைப்புள்ளியோட நின்னுட்டு. புத்தகத்துல நிக்கலை. கேளுங்க. 'நம் ஊழியர் எவரும் சொல்லால் கேடு வைக்கலாகாது; அவ்விதம் கேடு வைத்ததாகப் பிறர்மேல் குற்றம் சாட்டவும் ஆகாது.' கீழ பொடி எழுத்துல குறிப்பு வேற போட்டிருக்கான். மருத்துவச்சி ஒருத்தியை இப்படிச் சொல்லி ஊரைவிட்டுத் துரத்தின காரியத்தின்பேர்ல இந்த விதி உண்டாச்சுன்னு." புத்தகத்தை மூடினார். "அந்த அம்மா விதியை மீறலை, ஜெபஸ்டின். மெமோ கொடுத்த நாமதான் மீறியிருக்கோம்."

நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பெண்ணை அவள் வாயைக் காட்டித் துரத்தினார்கள். அது தப்பு என்று அன்றைக்கே சட்டம் எழுதி அச்சடித்தார்கள். அந்தச் சட்டத்தையே பாதியாக வெட்டி, இன்னொரு பெண்ணைத் துரத்தக் கருவியாக எடுத்துக்கொண்டார்கள். நம் படிப்பின் லட்சணம் இது.

இத்தோடு ஹெப்சிபா ஜெயித்துவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? அதிகாரம் அகராதிக்குக் கட்டுப்பட்டதாக எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

"பழைய புத்தகம். அதை விட்டுத் தள்ளுங்க சார்." ஜெபஸ்டினின் முகம் சிவந்துவிட்டது. "விதி இல்லைன்னா வேற விதி. நிர்வாகத்துக்கு எதிராப் பொதுவுல பேசினது ஒழுங்கீனம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விழா. முந்நூறு நாற்காலி போட்டாச்சு. ஆய்வக உதவியாளர் கையெழுத்து போடுதாங்களா இல்லையா? அதைச் சொல்லச் சொல்லுங்க."

'அக்கா' போய்விட்டது.

இடி இடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. இந்தத் தடவை கொஞ்சம் பெரிய துண்டு. நகக்கண் அளவுக் காரை ஜெபஸ்டினின் டீ கிளாஸில் 'ப்ளக்' என்று விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சாஸரை எடுத்து கிளாஸை மூடினார்.

அந்தச் சாஸரைப் பார்த்ததும் ஹெப்சிபாவின் பயம் எங்கேயோ போயிற்று. விரிசலுக்கு டிஸ்டெம்பர், டீக்கு சாஸர்.

"போடுதேன் சார்" என்றாள்.

கரோலின் பெருமூச்சு விட்டார். கோமு வாசலில் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹெப்சிபா அந்த டைப் தாளைத் திருப்பினாள். வெறும் பின்பக்கத்தில், பாட்டில் லேபிளில் எழுதுகிற அதே உருண்டை எழுத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதினாள். எழுதிவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி மேசை நடுவில் வைத்தாள்.

'பெரிய ஹாலின் மூன்றாவது உத்தரம் நாளை விழாது என்று நாங்கள் முன்னறிவிக்கிறோம். அதை நம்பிப் பிள்ளைகளை அதன் கீழ் உட்கார வைக்கிறோம். 13 நவம்பர், பிற்பகல் 3.40.'

"என்னது இது?" என்றார் ஜெபஸ்டின்.

"விழும்னு சொல்லுதது குறின்னா, விழாதுன்னு சொல்லுததும் குறிதான் சார். நாளைக்கு நடக்கப்போறதைப் பத்தித்தானே ரெண்டு பேரும் சொல்லுதோம். நான் சொன்னதுக்கு என்கிட்ட தேதி இருக்கு. உடைஞ்ச ரெண்டு ஸ்லைடு இருக்கு. நீங்க சொல்லுததுக்கு என்ன இருக்கு? சரி, ஒண்ணும் வேண்டாம். கையெழுத்து போடுங்க. மூணு பேரும் பேரு எழுதிப் போட்டீங்கன்னா, முன் பக்கத்துல நானும் போடுதேன். நாளைக்கு ரெண்டு பக்கத்தையும் சேத்து வாசிக்கச் சொல்லுங்க."

தாள் மேசை நடுவில் கிடந்தது. யாரும் தொடவில்லை. சாதாரணத் தாள்தான், ஆனால் சூடான தோசைக்கல்லைப் போல எல்லோருடைய கையும் அதிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருந்தது.

ஜெபஸ்டின் அதைத் தலைமையாசிரியை பக்கம் நகர்த்தினார். "டீச்சர், நீங்க முதல்ல போடுங்க. ஸ்கூல் பொறுப்பு ஒங்களுதுதானே."

கரோலின் பேனாவை எடுத்தார். தன் பெயரின் முதல் எழுத்துக்காகப் பேனா முனையைத் தாளில் ஊன்றினார். அங்கேயே ஒரு மைப்புள்ளி ஊறிப் பெரிதாயிற்று. அவர் கண் மெதுவாக மேலே போயிற்று. மஞ்சள் சுவர், பென்சில் தேதிகள், விரிசல், உத்தரம். ஐந்து மாதமாகப் பார்க்க மறுத்ததை அந்தப் பெண் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"என் தங்கச்சி மக ஆறாம் வகுப்புல இருக்கா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டார்.

அப்பாத்துரை சார் புத்தகத்தைச் செய்தித்தாளில் பொதிந்து கக்கத்தில் வைத்தார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கப் பார்த்தார். எழுபத்தெட்டு வயசு. தூக்க முடியாமல் தரதரவென்று இழுத்துக்கொண்டே ஹாலைக் கடந்து வராந்தாவுக்குப் போனார். அங்கே போட்டு உட்கார்ந்தார்.

"மிச்ச விசாரணையை இங்கன வச்சு நடத்துங்க வே. எனக்குப் பேரப்பிள்ளைகளைப் பாக்கணும்."

பெர்லின் நோட்டை எடுத்துக்கொண்டு நழுவினான். கரோலின் எழுந்தார். கடைசியில் ஜெபஸ்டின் மட்டும் மூடிய டீ கிளாஸோடு மேசையில் இருந்தார். கையெழுத்து போட அவருக்கும் கை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பேனா அவருடையதுதான். மனசாட்சி என்று பெரிதாகச் சொல்ல நான் தயாரில்லை. பெயர் எழுத வேண்டும் என்றதும் வந்த பயம். அந்தப் பயமே போதும், பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள்.

"விழாவை சைக்கிள் ஷெட்ல வச்சுக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஜெபஸ்டின் எழுந்தார். "ஹாலைப் பூட்டு."

எல்லோரும் போன பிறகு ஹெப்சிபா ஏணியைச் சாத்தினாள்.

"எக்கா, வேண்டாம். அதான் பூட்டப் போறோம்லா" என்று கெஞ்சினாள் கோமு.

"ஒரு நிமிசம். பிடிச்சுக்கோ."

மேலே போய், கை விளக்கை அடித்துப் பார்த்தாள். ஸ்லைடு நடுவில் மயிரிழையாகப் பிளந்திருந்தது. காலையில் உடைந்ததோ, எல்லோரும் கீழே உட்கார்ந்திருந்தபோது உடைந்ததோ, யாருக்கும் தெரியாது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்துப் பக்கத்தில் தேதி எழுதினாள். பத்து நாள். பன்னிரண்டுகூட இல்லை.

மறுநாள் பிள்ளைகள் சைக்கிள் ஷெட்டில் தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில் பரிசு வாங்கினார்கள். பேசியது ஒன்றும் கேட்கவில்லை. கைதட்டல் மட்டும் கேட்டது. அடுத்த வாரம் இன்ஜினியர் ஒருவர் வந்து, உத்தரம் சுவருக்குள் போகும் இடத்தில் நாலு செங்கல்லை எடுத்தார். தேக்கு முனை வெளியே மரமாகவும் உள்ளே மண்ணாகவும் இருந்தது. கரையான். அவர் கையை விட்டார். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. அன்றைக்கே இரும்பு முட்டு கொடுத்தார்கள். ஹால் இன்றும் நிற்கிறது, பூட்டோடு.

ஆண்டவர் காத்தார் என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். ஸ்லைடைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹெப்சிபாவைப் பற்றியும் இல்லை. மெமோ இன்னும் ரத்தாகவில்லை. நிலுவையில் இருக்கிறது என்று பெர்லின் சொல்கிறான். விழுந்திருந்தால் கருநாக்கு பலித்தது என்றிருப்பார்கள். விழாததால் இப்போது வேறு பேச்சு. கோமுவே ஒரு நாள் ஆய்வகத்தைப் பெருக்கிக்கொண்டே கேட்டாள்.

"என்னக்கா, ஒங்க வாக்கு பொய்யாப் போச்சே? உத்தரம் விழவே இல்லையே. சும்மாவா பயந்து கிடந்தோம் ஒங்க நாக்குக்கு?"

ஹெப்சிபா பியூரெட்டைக் கவிழ்த்து ஸ்டாண்டில் மாட்டினாள்.

"குறி சொல்லுதவன் பலிக்கணும்னு சொல்லுவான். நான் பலிக்கக் கூடாதுன்னுதான்ட்டி சொன்னேன்."

இனி உங்கள் முறை. நாளைக் காலை பிள்ளையை விடப் போகும்போது பள்ளி வாசலோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே போங்கள். சுவரைப் பாருங்கள், கூரையைப் பாருங்கள், புது பெயிண்ட் எங்கே மட்டும் அடித்திருக்கிறது என்று பாருங்கள். விரிசல் இருந்தால் அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் மறுபடி போய்ப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் சண்டை போடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.